காலிக் குடத்துக்கு நின்ற கார்

பிள்ளைக்கு ரோடு கடக்க எந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாம் என்று என் பேத்திகள் கேட்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு போகணுமா, முன்னால் விடணுமா, பயமுறுத்தி வைக்கலாமா, கூடாதா. கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். அதனால் இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறவள் இப்போதே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஒரு பெரிய மனிதரை, அவருடைய காரோடு சேர்த்து, நான் பழிவாங்கிய கதை இது. இன்றைக்கு நினைத்தாலும் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

மயிலாப்பூரில் கால்வாய்க் கரை ஓரமாக எங்கள் குடிசை. அப்போது கால்வாயில் படகு போகும். விறகு வரும், உப்பு வரும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வரும். என் வீட்டுக்காரர் விறகு இறக்குகிற வேலை. விடியும் முன்னால் போனால் உச்சிக்குத்தான் வருவார். வீட்டில் நான், என் மாமியார், என் பெண். பெண்ணுக்கு அப்போது மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. குண்டு போடப் போகிறார்கள் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அந்த வருஷத்தில் பிறந்தவள். எல்லோரும் ஓடினார்கள், நாங்கள் ஓடவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? ஊர் காலியானதில் குழாயடியில் சண்டை இல்லாமல் தண்ணீர் கிடைத்தது, அதுதான் மிச்சம்.

அந்தக் குழாய் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் எங்கள் சந்து. நடுவில் ரோடு. தண்ணீர் வேண்டுமென்றால் கடந்துதான் ஆகணும். உலகச் சண்டை நடந்த வருஷங்களில் அது ஒரு பெரிய காரியமே இல்லை. பெட்ரோல் கிடைக்காமல் கார்களெல்லாம் ஷெட்டில் படுத்துக் கிடந்தன. ரோட்டில் ஜட்கா போகும், மாட்டு வண்டி போகும், எப்போதாவது கரிப்புகை கக்கிக்கொண்டு ஒரு பஸ் முக்கி முனகிப் போகும். கோழியும் பிள்ளைகளும் ஒன்றாக ரோட்டில் மேயும். என் பெண் நடை பழகினதே அந்த ரோட்டில்தான். கார் என்றால் என்னவென்றே அந்த வயசுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சண்டை முடிந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தன, மழைக்குப் பிறகு தவளை வருகிற மாதிரி.

கையைப் பிடித்துக் கூட்டிப்போ என்கிறார்களே, எந்தக் கையை? தலையில் ஒரு குடம், அதை ஒரு கை பிடித்திருக்கும். இடுப்பில் ஒரு குடம், அதை மறு கை அணைத்திருக்கும். எனக்கு என்ன, மூன்றாவது கையா முளைத்திருந்தது? அதனால் எங்கள் சந்தில் எல்லாப் பெண்களும் செய்ததைத்தான் நானும் செய்தேன். முந்தானை நுனியைப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவேன். நான் நடந்தால் அதுவும் நடக்கும். நின்றால் நிற்கும். அது எங்கேயாவது வேடிக்கை பார்த்து நின்றுவிட்டால் முந்தானை இழுக்கும், எனக்குத் தெரிந்துவிடும். கண் முதுகில் இல்லாதவளுக்கு முந்தானைதான் கண்.

குழாய்க்குப் பக்கத்திலேயே, சந்துக்குத் திரும்புகிற வழியில், ஒரு பெரிய பங்களா. அதில் ஒரு வக்கீல். சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் பளிச்சென்று இட்டிருப்பார், வாசனை எங்கள் சந்து வரைக்கும் வரும். அவருடைய கார் கறுப்பு. சண்டைக் காலத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது என்று விளக்கின் மேல்பாதிக்குப் பூசின கறுப்பை அவர் அழிக்கவே இல்லை. பார்க்க அரைக்கண் மூடித் தூங்குகிற பூதம் மாதிரி இருக்கும். காலையில் டிரைவர் கேட்டைத் திறந்து தலையை நீட்டி ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பான். அப்புறம் உள்ளே ஓடுவான். உடனே கார் கிளம்பும். யாராவது வருகிறார்களா என்று பார்த்துத்தான் எடுக்கிறான், நல்ல பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழ!

அன்றைக்கு இரண்டு குடமும் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. குழாயடியிலிருந்து திரும்பி நடுரோட்டுக்கு வந்துவிட்டேன். பெண் பின்னால் வருகிறாள், முந்தானை தளர்வாக இருந்தது. பிறகு இறுகியது. ஏதோ மாட்டின் லாடம் விழுந்து கிடந்திருக்கிறது, குனிந்து எடுக்கிறாள். "வாடி" என்று சொல்ல வாயெடுத்தேன், பக்கத்திலேயே ஹாரன். கார் கேட்டை விட்டுப் புறப்பட்டு நேரே வருகிறது. நிற்கவில்லை. மெதுவாகக்கூட ஆகவில்லை. நான் முன்னால் ஒரு பாய்ச்சல் பாய்ந்தேன். பெண் பின்னால். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முந்தானை கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது, அதன் மேல் கார் புகுந்தது.

அரைஞாண் கயிறு அறுந்தது. அறுந்ததால்தான் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டு சொல்கிறேன்.

அது பழைய கயிறு, இற்றுப்போனது. மாற்று, மாற்று என்று மாமியார் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல கயிறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

பெண் புழுதியில் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் சிராய்ப்பு. கையில் லாடம். அழக்கூட இல்லை. என் பித்தளைக் குடம், என் அம்மா வீட்டுக் குடம், உருண்டு போய் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. கார் தள்ளிப் போய் நின்றது. வக்கீல் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"ஏண்டி, கன்னுக்குட்டியைக் கட்டற மாதிரி குழந்தையைக் கட்டி இழுத்துண்டு வரயே, புத்தி இருக்கா உனக்கு? பெத்துப் போட்டுட்டாப் போறுமா?"

டிரைவர் சிரித்தான். கார் போய்விட்டது.

கவனியுங்கள். பிள்ளைக்கு அடிபட்டதா என்று அந்த மனிதர் கேட்கவில்லை. நான் முடிச்சுப் போட்டதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் புழுதியை வாரி கார் போன திக்கில் தூற்றினேன். "நீ நாசமாப் போவ" என்று வயிறெரிந்து தூற்றினேன். காற்று எதிரே அடித்தது, அவ்வளவும் என் கண்ணிலேயே விழுந்தது. சந்து வாசலிலிருந்து ஓடிவந்த மாமியார் என் கண்ணை ஊதிக்கொண்டே திட்டினாள்.

"மண்ண வாரி தூத்தறவ காத்து எங்கேந்து அடிக்குதுன்னு பாத்துட்டு தூத்த மாட்டியாமே? சாபத்த நீயே தின்னுகினு நிக்கற!"

மறுநாளிலிருந்துதான் என் வயிறு உண்மையில் எரிந்தது. பெண் ரோட்டோரம் வரைக்கும் வருவாள். அங்கே அப்படியே குந்திவிடுவாள். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், கயிறு இருந்த இடத்தை. தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு கத்துவாள். தூக்கிக்கொண்டு கடந்தால் குடம் தூக்க முடியாது. விட்டுவிட்டுப் போனால் தொண்டை கிழியக் கத்துகிறாள். அந்த ரோட்டில் கோழி மாதிரி ஓடித் திரிந்த பிள்ளை.

மாமியாருக்குத் தெரிந்த வைத்தியம் காலடி மண். யார் கண் பட்டதோ, யாரால் பயந்ததோ, அவர்கள் காலடி மண்ணை எடுத்து, மிளகாய், உப்போடு பிள்ளைக்குச் சுற்றி நெருப்பில் போடணும். வக்கீலோ மண்ணில் கால் வைக்கிற ஆள் இல்லை. மாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு கார் டயர் பதிந்த மண்ணை நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக வழித்துக்கொண்டு வந்தாள். சுற்றிப் போட்டோம். மிளகாய் நெடியே வரவில்லை.

"பாத்தியா? ஒரு தும்மல் வந்துதா? நாலு டயரு கண்ணும் பட்ருக்குது" என்றாள்.

பெண் மட்டும் மறுநாளும் ரோட்டோரத்தில் குந்தினாள். இனிமேல் ரோடு பக்கம் போனால் பூச்சாண்டி பிடிப்பான் என்று பயமுறுத்தி வை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பயந்து கிடக்கிற பிள்ளையை இன்னும் பயமுறுத்தி என்ன செய்வது? பயப்பட வேண்டியவர் பங்களாவில் அல்லவா உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்! என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பெரிய மன்சன்மே. அதுவும் வக்கீலு. நம்மள புடிச்சி உள்ள வச்சிடுவான். கம்முனு இரு" என்றார்.

கம்மென்று இருந்தேன். வெளியே கம்மென்று, உள்ளே கொதித்துக்கொண்டு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கார் என் பிள்ளைக்கு முன்னால் நிற்கணும். நின்று, அவள் கடந்து போகிற வரைக்கும் அசையாமல் இருக்கணும். அதை அவள் கண்ணால் பார்க்கணும். அரிசி களையும்போதும் அதே நினைப்பு, பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. அந்த நாளில் எங்கள் வீட்டுப் பாத்திரம் மாதிரி யார் வீட்டிலும் பளபளத்தது கிடையாது. கோபம் வந்தால் நல்லாத் தேய்ப்பேன்.

வழி தானாக வந்தது. ஒரு காலை, ரோட்டில் ஒரு வைக்கோல் வண்டி நின்றுகொண்டிருந்தது. நசுங்கின குடத்தையும் இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு, காலியாக, அந்த வண்டிக்குப் பின்னாலிருந்து ரோட்டில் இறங்கினேன். எதிரே கார். கேட்டை விட்டு முழுசாக வெளியே வந்துவிட்டது. செத்தோம் என்று அப்படியே நின்றுவிட்டேன்.

கிறீச்!

அப்படி ஒரு பிரேக்கை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எனக்கும் காருக்கும் நடுவில் நல்ல இடம் இருந்தது. உள்ளே வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு "ராம ராம" என்றார். கார் பின்னாலேயே உருண்டு கேட்டுக்குள் போய்விட்டது. அவருடைய சம்சாரம் ஒரு டம்ளரோடு படியிறங்கி ஓடிவந்தாள். "சகுனம் சரியில்லை, உள்ள வந்து உக்காந்து ஒரு வாய் தீர்த்தம் சாப்டுட்டுப் போங்கோ" என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நடுரோட்டில் நின்றுகொண்டு என் குடத்தைப் பார்த்தேன். காலி. பிள்ளைக்குப் பிடிக்காத பிரேக் காலிக் குடத்துக்குப் பிடித்திருக்கிறது!

டிரைவர் தலையை நீட்டி நீட்டிப் பார்த்ததெல்லாம் அப்போதுதான் புரிந்தது. ஆள் வருகிறதா என்று இல்லை, நல்ல சகுனம் வருகிறதா என்று பார்த்திருக்கிறான். அன்றைக்கு நான் நிறைகுடத்தோடு வந்தேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்திருக்கிறான்.

வீட்டுக்கு ஓடி வந்து மாமியாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வேன்? என் மாமியார் சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். சந்தில் யாராவது கல்யாணத்துக்குக் கிளம்பினால் குடிசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பெற்ற மகன் விறகு இறக்கப் போகிறானே, அவன் வாசலைத் தாண்டும் வரைக்கும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பாள். வாழ்க்கை முழுக்க யாருக்கும் எதிரே வராமல், ஓரமாக, மறைவாக நடந்து நடந்து பழகினவள்.

"காலிக் கொடம் எதுக்க வந்தாலே அந்தாளு உள்ள பூட்றானா?"

"ஆமா அத்தே."

"நானு காலிக் கொடத்தோட எதுக்க வந்தா?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளே பதிலும் சொன்னாள்.

"டபுளு!"

மறுநாள் காலையில் என் மாமியார் குளித்து, வெள்ளையைப் பளிச்சென்று கட்டிக்கொண்டு, திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி கிளம்பினாள். நெற்றி நிறையத் திருநீறு. நான், அவள், பக்கத்து வீட்டுக்காரி, மூன்று பேர். புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டோம். டிரைவர் தலை நீட்டினான். ரோடு காலி. எதிர்ச் சாரியில் ஒரு பால்காரன் போனான், நல்ல சகுனம், அவனுக்குத் திருப்தி. உள்ளே ஓடினான். காரின் மூக்கு கேட்டை விட்டு வெளியே வந்ததும் மாமியார் மரத்தடியை விட்டு ரோட்டில் இறங்கினாள். ஓடவில்லை. கோயில் யானை மாதிரி நடந்தாள். கிறீச்! காருக்கு நேர் எதிரே போனதும், ஒருவேளை அவர் சரியாகப் பார்க்கவில்லையோ என்று, இடுப்புக் குடத்தை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். டங், டங். ஒரு சொட்டுகூட இல்லை, நல்லாப் பார்த்துக்கோ என்கிற மாதிரி.

கார் பின்னால் போயிற்று. தீர்த்தம் வந்தது. மறுபடியும் கிளம்பினார். அப்போது நான் போனேன். மூன்றாவது தடவைக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு ஒரு வழக்கும் இல்லை, விரோதமும் இல்லை, வேடிக்கைக்கு வந்தவள்தான். ஆனால் மாமியார் செய்ததைப் பார்த்துவிட்டு அவளும் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். அது எங்கள் சந்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ரோட்டோரத்தில் குந்திக்கொண்டு என் பெண் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்து, அவள் ஆயா, அதுதான் என் மாமியார், குடத்தைத் தட்டும்போது தன் முட்டியில் தட்டிக்கொண்டாள்.

அவர் சும்மா இருப்பாரா? சீக்கிரம் கிளம்பிப் பார்த்தார். குழாயடியில் சீக்கிரமே ஆள் இருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. தாமதமாகக் கிளம்பிப் பார்த்தார். கோர்ட்டில் தாமதத்துக்கு இடம் ஏது? கேட்டுக்குள்ளேயே ஹாரன் அடிக்கச் சொன்னார். ஹாரன் கேட்டால் நாங்கள் தயாராவதற்கு வசதியாக இருந்தது. ஒருநாள் டிரைவர் வாளியோடு குழாயடிக்கே வந்தான். அன்றைக்குச் சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை.

"தங்கச்சி, எனுக்கு பேஜாரா கீது. ஐயா தெனம் தெனம் உள்ளாற போய்க்கினு வந்துகினு கீறாரு. கோர்ட்டுல கேக்கறாங்களாம். இன்னாத்துக்கு இப்டி பண்றீங்கோ?"

"அன்னிக்கு ஏன் நிக்கல?"

"நெறகொடம் எதுக்க வந்தா நிக்கக் கூடாதுன்னு ஐயா உத்தரவு. அத்த தாண்டி போய்க்கினே இருக்கணும். நின்னா பலன் பூடும்னுவாரு."

"பின்னால கொயந்த வந்துதே, அது உன் கண்ணுக்குத் தெர்லியா?"

அவன் வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கொயந்த சகுனத்துல இல்லியே தங்கச்சி."

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நஞ்சம் இருந்த இரக்கமும் போய்விட்டது. நிறைகுடம் வந்தது, கிளம்பினார்கள். குடத்துக்குக் கீழே நான் இருந்தேன், எனக்குப் பின்னால் என் பிள்ளை இருந்தாள், நாங்கள் கணக்கிலேயே இல்லை. அந்த வாரம் சந்திலிருந்த ஓட்டைக் குடம், தகர டின், உடைந்த பானை எல்லாவற்றையும் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

கடைசியில் அவரே இறங்கினார். மண்ணில் கால் வைத்தார்! காலடி மண் வந்துவிட்டது என்று மாமியார் என் காதில் சொன்னாள்.

"ஏண்டி, தினமும் என் கார் முன்னாடிதான் வரணுமா? ஊர்ல வேற வழியே இல்லையா உங்களுக்கு?"

"கொயா இங்கதான கீது சாமி" என்றேன்.

"நான் போனப்பறம் போறது."

"நீ போனப்பறம் தண்ணி நின்னுடும் சாமி."

"போலீசைக் கூப்பிட்டா என்ன பண்ணுவே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். பேசும்போது அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள், கைக்கெட்டும் தூரத்தில். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"கூப்டு சாமி. தண்ணிக்குப் போறவள புடிக்கறதுக்கு சட்டத்துல எடம் கீதான்னு உனுக்குத்தான தெரியும்? எங்களுக்கு இன்னா தெரியும்?"

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கிற்று.

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நிக்கணும்" என்றேன். "நாங்க கொடத்தோட திரும்பி வர்ற வரிக்கும் உன் காரு கேட்டாண்டயே நிக்கணும். கொயந்த குட்டியெல்லாம் தாண்டினப்பறம்தான் கெளம்பணும்."

"நிறைகுடத்துக்கு நிக்கப்படாதுடி. எங்கப்பா காலத்துலேர்ந்து வழக்கம்."

"நின்னா நெறகொடம் வரும் சாமி. நிக்கலன்னா காலிக் கொடம் வரும். உன் இஷ்டம்."

அவர் எவ்வளவோ பேரைக் கோர்ட்டில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர். என் காலிக் குடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு காரில் ஏறிக்கொண்டார். மறுநாள் கார் கேட்டு வாசலில் நின்றது.

எப்படி நடந்தோம் தெரியுமா! கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போகிறவர்கள்கூட அப்படி நடக்கமாட்டார்கள். மாமியார் நடுரோட்டில் நின்று, குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி, முந்தானையைச் சரி செய்து, என்னிடம் ஊர்க்கதை ஒன்றைத் தொடங்கி, அதை முடித்துவிட்டுத்தான் நகர்வாள். அவர் உள்ளே கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும் என்று இன்னும் மெதுவாக நடப்போம்.

ஆனால் எனக்கு அது போதவில்லை. ஊருக்கெல்லாம் நின்றது, என் பிள்ளைக்கு நிற்கவில்லை. அவள்தான் ரோட்டில் இறங்கவே இல்லையே! ஓரத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு கண்ணு."

"அப்பால போய்டுச்சா?"

"நாங்கோ தாண்டனப்பறம்தான் போச்சு."

நான் இறங்கு என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. பேத்திகள் கேட்கிறார்களே, அதற்கு இதுதான் என்னிடம் உள்ள பதில். ரோட்டைப் பார்க்க விட்டேன். கார் நிற்பதை அவள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போகட்டும் என்று விட்டேன்.

ஒருநாள் மாமியார் காலிக் குடத்தோடு போகும்போது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்து, அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டாள். பெண் இந்தத் தடவை கத்தவில்லை. கையில் விளையாட ஒரு சின்னச் சொம்பு. குழாயடியில் தண்ணீர் பிடித்தோம். அவளும் சொம்பில் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது மாமியாரின் இடுப்பில் ஏறப் பார்த்தாள்.

"இங்க கொடம் கீது பாரு. எடம் இல்ல. நடந்து வா" என்றாள் மாமியார்.

பெண் காரைப் பார்த்தாள். கேட்டு வாசலில் அரைக்கண் மூடிக்கொண்டு நின்றது.

"நிக்குதா?"

"நிக்குது."

"நானு போனா?"

"நீ போனாலும் நிக்கும். நீ அந்தாண்ட போய் சேர்ற வரிக்கும் நிக்கும்."

புதுக் கயிறு கட்டியிருந்தோம், கறுப்பாக, கெட்டியாக. அதில் முந்தானையை முடிச்சுப் போடவில்லை. பின்னால் விடவும் இல்லை. எனக்கு முன்னால் விட்டேன், என் கண்ணுக்கெதிரே. சொம்பை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தாள். தண்ணீர் தளும்பி அவள் காலிலேயே சிந்திற்று. என் தலையில் குடம், இடுப்பில் குடம், நெஞ்சில் மட்டும் மூச்சு இல்லை.

அன்றைக்கு வக்கீலுக்கு ஏதோ பெரிய வழக்கு என்று டிரைவர் முந்தின நாளே குழாயடியில் சொல்லியிருந்தான். அவர் சீட்டின் நுனிக்கு வந்து குனிந்து பார்த்தார். சின்னப் பெண், கையில் நிறைந்த சொம்பு, நேர் எதிரே வருகிறாள். அதைவிட நல்ல சகுனம் ஏது? முதல் தடவையாக அந்த மனிதர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கையைக்கூட ஆட்டினார், வா வா என்று.

காருக்கு நேரே வந்ததும் என் பெண் நின்றாள். காரை மேலும் கீழும் பார்த்தாள். கார் அவளைப் பார்த்தது, அசையவில்லை. அப்புறம் ஆயா செய்து அவள் பார்த்திருந்தபடியே, சொம்பை மெதுவாக, முழுசாகத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் புழுதியில் ஓடி முன் டயர் வரைக்கும் போயிற்று.

"ராம ராம" என்ற குரல் என் காதில் விழுந்தது. டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கியரைப் பின்னுக்குப் போட்டான். மாமியார் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நடுரோட்டிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

என் பெண் யாரையும் பார்க்கவில்லை. சொம்பின் அடியில் தட்டினாள். டங், டங். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அதையும் தட்டி விழ வைத்துவிட்டுத்தான் நடந்தாள்.